ஆசாரியார் கண்ட நட்சத்திரம்

காரைக்காலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் திருநள்ளாற்றுக்குத்தான் போகிறார்கள். 2025-ம் ஆண்டு மார்ச்சில் திருக்கணிதப் பஞ்சாங்கம் சனி மீனத்துக்குப் பெயர்ந்துவிட்டதாகச் சொன்னது. கோயிலோ வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026-ல்தான் பெயர்ச்சி என்று அறிவித்தது. ஊரெல்லாம் ஒரே விவாதம். எனக்கு நினைவு வந்தவர் சிந்தாமணி ரகுநாதாசாரியார்.

நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வானாராய்ச்சிக் கூடத்தில் அவர் முதல் உதவியாளர். பஞ்சாங்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனாலும், ஏட்டுக் கணக்கு கண்ணுக்குத் தெரியும் வானத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, திருக்கணித முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டவர். 1867-ல் அவர் தென்வானத்தில் ஒளி ஏறி இறங்கும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்று அதற்கு ஆர் ரெட்டிகுலி என்று பெயர். லண்டன் பண்டிதர்களின் ஊரில் அது உதிப்பதே இல்லை. காரைக்கால் கடற்கரையில் தொலைநோக்கியோடு நின்றால் தெற்கே 16 டிகிரி உயரம் வரை ஏறிவரக் காணலாம்.

அவருடைய மேலதிகாரி நார்மன் போக்சனுக்கும் இதே பித்துத்தான். 1856-ல், இந்தியாவுக்கு வருமுன்பே, மிதுன ராசியில் யு ஜெமினோரம் என்ற நட்சத்திரம் சில விநாடிகளுக்கு ஒருமுறை துடிப்பதைப் பார்த்துக் குறித்து வைத்தார். ஏன் துடிக்கிறது? ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு ஒருவருக்கும் தெரியாது.

அது ஒன்றல்ல, இரண்டு. சிறுத்து இறுகிப்போன நட்சத்திரம் ஒன்று தன் துணையிடமிருந்து வாயுவை உறிஞ்சுகிறது. வாயு நேரே விழாமல் தட்டுப்போல் சுற்றிச் சேர்கிறது. சேர்ந்து சூடேறியதும் திடீரென்று உள்ளே கொட்டுகிறது. அப்போது ஒளி பொங்குகிறது. உறிஞ்சுவது நியூட்ரான் நட்சத்திரமாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டர்தான், எடையோ சூரியனை மிஞ்சும்! விழும் வாயு எக்ஸ்ரேயைக் கக்கும். விருச்சிகத்தில் அப்படிப்பட்ட முதல் எக்ஸ்ரே மூலத்தை 1962-ல் ராக்கெட் அனுப்பித்தான் கண்டார்கள். காற்று மண்டலம் எக்ஸ்ரேயைத் தரைக்கு விடுவதில்லை.

ஆனால் தரையிலிருந்து பார்ப்பவன் தோற்றுப்போகவில்லை. தனுசு ராசியில் விநாடிக்கு 401 தடவை சுழலும் நியூட்ரான் நட்சத்திரம் ஒன்று உண்டு. 2019-ல் அது பொங்கியபோது, எக்ஸ்ரே கிளம்புவதற்கு 12 நாள் முன்பே சாதாரண ஒளி கூடத் தொடங்கிவிட்டது. சலிக்காமல் அந்தப் பக்கமே பார்த்துக் கொண்டிருந்த தொலைநோக்கிகள் அதைப் பிடித்தன. அவை தாமே இயங்குபவை. கொசுக்கடி கிடையாது, தூக்கக் கலக்கம் கிடையாது. ஆசாரியாருக்கு இரண்டும் இருந்திருக்கும்.

அவர் 1880-ல் காலமானார். போக்சன் 1891-ல் சென்னையிலேயே கண்மூடினார். மாறும் நட்சத்திரங்களைப் பற்றி அவர் இரவிரவாய் எழுதிய குறிப்புகள் இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் அச்சேறின.