பெட்டிக்காகக் கதவை உடைக்கலாம், பணத்துக்காக?

தேர்தல் அறிவிச்சதும் எங்க பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளிப்பூ வியாபாரிகளுக்கு ஒரு கவலை வந்துடும். பூ விற்ற பணத்தோடு திரும்பும்போது பறக்கும் படை வண்டியை நிறுத்தினால், 50,000 ரூபாய்க்கு மேல் இருக்கும் ரொக்கத்துக்குக் கணக்குக் காட்டணும். பூ மார்க்கெட்டில் யார் பில் போட்டுத் தர்றாங்க? சரி, ரோட்டில் இவ்வளவு கெடுபிடி செய்யும் தேர்தல் ஆணையம் ஒரு வீட்டுக்குள் நுழைய முடியுமா? இந்தக் கேள்வியோடுதான் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைப் புரட்டினேன்.

நுழையும் அதிகாரம் அதில் இருக்கு. ஆனால் பணம் தேட அல்ல. வாக்குச்சாவடிக்கும், வாக்குப்பெட்டிகளை வைக்கவும் இடம் எடுத்துக்கொள்வது பிரிவு 160. அதற்காக உள்ளே போய்ப் பார்ப்பது பிரிவு 163. குடிசை, கொட்டகைகூட இதில் அடக்கம். பெட்டி கொண்டுபோக வண்டி, படகு, விலங்கு வரைக்கும் கேட்கலாம் (மாட்டுவண்டிக் காலத்துச் சட்டம் இல்லையா!). எடுத்த இடத்தைக் காலி செய்ய மறுத்தால், பிரிவு 164-இன்படி பூட்டைத் திறக்கலாம், கதவையே உடைக்கலாம். அதற்கு முன், வெளியாட்கள் முன்னால் வராத பெண்கள் ஒதுங்கிக்கொள்ள அவகாசம் தரணும். இதெல்லாம்கூட ஆணையத்தின் கையில் இல்லை, மாநில அரசின் கையில்.

பீரோவில் இருக்கும் பணத்துக்கு? ஓட்டுக்குப் பணம் கொடுப்பதை இந்திய தண்டனைச் சட்டத்தில் குற்றமாகச் சேர்த்தது 1920-இல். ஆனால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றங்களின் பட்டியலில் அதை வைத்தார்கள். 2024-இல் புதுச் சட்டம் வந்த பிறகும் அது அங்கேயேதான் இருக்கு.

சட்டம் பேசாத இடத்தில் ஆணையம் தானே முடிவெடுக்கலாம், சட்டம் இருக்கிற இடத்தில் அதற்குக் கட்டுப்படணும் என்று 1977-இல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டைச் சோதனை போட ஏற்கெனவே சட்டங்கள் இருக்கு. ஆகவே ஆணையத்துக்கு இரவல் அதிகாரம்தான். 2019-இல் வேலூரில் 11 கோடி ரூபாய்க்கு மேல் பிடிபட்டு மக்களவைத் தேர்தலே ரத்தானபோதும், உள்ளே போய்ச் சோதனை போட்டது வருமான வரித்துறை.

வீட்டுக் கதவுக்கு இந்தக் காவல் வேணும்னுதான் நானும் நினைக்கிறேன். பூக்காரர் மடியில் இருக்கிற பணத்துக்கு ஏன் இவ்வளவு காவல் இல்லை என்பதுதான் என் ஆதங்கம். 2015-இல் ஆணையம் வகுத்த நடைமுறைப்படி, கட்சி, வேட்பாளர் தொடர்பில்லாத பணத்தை மாவட்டத்தில் மூன்று அதிகாரிகள் கொண்ட குழு பார்த்து விடுவிக்கும். அதுவரைக்கும் மறுநாள் பூப்பறிக்க வருகிறவர்களுக்கு எங்கிருந்து கூலி கொடுப்பது?