கலிபோர்னியாவில் இளவர் விடுவிப்பு: யாருக்கான சட்டம்?

ரோமானியச் சட்டத்தில் மகனை விடுவிப்பது தந்தையின் செயல். மகனை மூன்று முறை விற்ற தந்தை அவன்மீதுள்ள அதிகாரத்தை இழப்பான் என்றது பன்னிரு பலகைச் சட்டம். பின்வந்த சட்ட அறிஞர்கள் அந்த விதியையே விடுவிப்புச் சடங்காக ஆக்கிக்கொண்டனர். கலிபோர்னியக் குடும்பச் சட்டத் தொகுப்பில் நிலைமை தலைகீழ். பெற்றோரின் அதிகாரத்திலிருந்து விடுவிக்கக் கேட்டு மனு கொடுப்பது பிள்ளை. பெற்றோருக்கு அறிவிப்பு அனுப்பப்படும். இதைப் பிள்ளைகளின் உரிமைக்குக் கிடைத்த வெற்றியாகப் படிப்பவர்கள் உண்டு. சட்டத்தின் நிபந்தனைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் அந்த வாசிப்பு நிற்காது. ஏற்கெனவே சொந்தக் காலில் நிற்கும் பிள்ளைக்கு மட்டுமே இச்சட்டம் கதவைத் திறக்கிறது. வீட்டில் வதைபடும் பிள்ளைக்கு அது மூடியே கிடக்கிறது.

18 வயது நிரம்பாத இளவர் அங்கே மூன்று வழிகளில் விடுவிப்புப் பெறலாம்: செல்லத்தக்க திருமணம், ஆயுதப் படையில் முழுநேரப் பணி, நீதிமன்றப் பிரகடனம். முதலிரண்டும் இங்கு நம் கவலையல்ல. மூன்றாவதற்கான தகுதிகளை 7120ஆம் பிரிவு வகுக்கிறது. மனுதாரருக்கு 14 வயதாவது ஆகியிருக்க வேண்டும். பெற்றோரின் சம்மதத்தோடோ, அவர்கள் தடுக்காத நிலையிலோ, தானே விரும்பித் தனித்து வாழ வேண்டும். தன் வரவு செலவைத் தானே நடத்த வேண்டும். வருமானம் குற்றச்செயலிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது. இவற்றோடு, விடுவிப்பு மனுதாரரின் நலனுக்கு எதிரானதன்று என்று நீதிபதிக்குப் படவும் வேண்டும்.

‘பெற்றோர் தடுக்காத நிலை’ என்பதில்தான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. அடிக்கும் தகப்பனிடமிருந்து ஓடிவந்த 15 வயதுப் பெண்ணை அவன் தேடிக்கொண்டும் காவல்துறையில் புகார் கொடுத்துக்கொண்டும் இருந்தால், அவள் இந்நிபந்தனையை எப்படி நிறைவேற்றுவாள்? அதே தொகுப்பின் 6922ஆம் பிரிவை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 15 வயது நிரம்பித் தனித்து வாழ்ந்து, தன் பணத்தைத் தானே கையாளும் இளவர், தன் மருத்துவச் சிகிச்சைக்குத் தானே ஒப்புதல் தரலாம் என்கிறது அது. பெற்றோர் சம்மதித்தார்களா என்று அது கேட்பதில்லை. வருமானம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்பதில்லை. நீதிமன்றப் படியேறவும் வேண்டியதில்லை. தேவையை முன்வைத்து எழுதப்பட்ட பிரிவு அது. 7120 தகுதியை முன்வைத்து எழுதப்பட்டது.

யாருடைய தகுதி? ஹாலிவுட்டின் வரலாறு இதற்கு ஒளி தருகிறது. சாப்ளினின் ‘தி கிட்’ (1921) படத்தில் நடித்த ஜாக்கி கூகன் குழந்தையாக இருந்தபோது ஈட்டிய பெரும்பணம், அவர் வளர்ந்தபோது ஏறக்குறைய முழுவதும் கரைந்திருந்தது. பிள்ளையின் ஊதியம் பெற்றோருக்கே உரியது என்பது அன்றைய சட்டம். தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் அவர் 1938இல் வழக்குத் தொடுத்தார்; அதன் விளைவாக, குழந்தை நடிகரின் ஊதியத்தைக் காக்கும் கூகன் சட்டம் 1939இல் வந்தது. பின்னாளில் ட்ரூ பேரிமோர், மிஷெல் வில்லியம்ஸ் போன்ற நடிகையர் பதின்ம வயதிலேயே விடுவிப்புப் பெற்றனர். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் ஆற்றலும் ஊதியத்தின்மீது முழு உரிமையும் தேவைப்பட்ட இத்தகையோருக்கு 7120 நன்கு பொருந்துகிறது. உணவகத்தில் பகுதிநேர வேலை பார்க்கும் மாணவனுக்கோ சம்பளம் வாடகைக்கே கட்டாது. அவன் வரவு செலவுக் கணக்கைக் கண்ட நீதிபதி மனுவை ஏற்பது கடினம்.

ஏற்றாலும் அவன் இழப்பது சிறிதன்று. 7050ஆம் பிரிவின்படி, விடுவிக்கப்பட்டவர் ஒப்பந்தம் செய்யலாம், சொத்து வாங்கலாம் விற்கலாம், தன் பெயரில் வழக்காடலாம், இருப்பிடத்தைத் தானே தீர்மானிக்கலாம். அதே பிரிவுதான் பெற்றோரிடம் பராமரிப்புக் கேட்கும் உரிமையையும் எடுத்துவிடுகிறது. வாக்குரிமை வருவதில்லை, பள்ளிக்குப் போகும் கட்டாயமும் நீங்குவதில்லை. வளர்ந்தவரின் பொறுப்புகள் மொத்தமாக வந்து சேர்கின்றன. உரிமைகளோ ஒரு பகுதிதான்.

வறுமையில் விழுந்தால் பிரகடனத்தை ரத்து செய்ய வழி இருக்கிறதே என்று மறுப்பு எழலாம். இருக்கிறது. பெற்றோரின் பராமரிப்புக் கடமை அப்போது மீளக்கூடும். ஆயினும் இடைக்காலத்தில் அவன் போட்ட ஒப்பந்தங்கள் எவையும் மாறா என்று 7134ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இளவரின் அனுபவமின்மையை உத்தேசித்துச் சட்டம் அளித்துவந்த காப்பு, மிகவும் தேவைப்பட்ட மாதங்களில் இல்லாமலே போய்விடுகிறது.

இதே மாநிலம் 2012 முதல், அரசுப் பராமரிப்பில் வளர்ந்த இளைஞர்களுக்கான உதவியை 21 வயதுவரை நீட்டித்திருக்கிறது. 18 வயதில் ஒருவர் தனித்து நிற்பது அரிது என்ற அறிவு அங்கே சட்டமாகியிருக்கிறது. அந்த அறிவு 7050ஆம் பிரிவை இன்னும் எட்டவில்லை. தன்னைத் தாங்கிக்கொள்ளும் 14 வயதுப் பிள்ளை இருக்கலாம். அதைக் காரணமாக்கிப் பெற்றோரின் கடமையை முழுவதுமாகத் தள்ளுபடி செய்ய வேண்டியதில்லை.

அதிகாரத்தையும் கடமையையும் ஒரே முடிச்சாகக் கட்டியதுதான் பிழை என்பேன். பெற்றோரின் கட்டுப்பாடு முடிந்தாலும் அவர்களது செலவுப் பொறுப்பு 18 வயதுவரை தொடரலாம். விவாகரத்துக்குப் பின் பிள்ளையின் பொறுப்பைப் பெறாத பெற்றோரிடம் மாதந்தோறும் பராமரிப்புத் தொகை வாங்கும் நீதிமன்றங்களுக்கு இது புதிய கருத்தல்ல. 6922இன் வழியில், குடியிருப்பு ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றுக்கும் தனித்தனி உரிமைகளை எழுதலாம். பெற்றோரின் கொடுமை நிறுவப்பட்ட வழக்குகளில் அவர்களது சம்மதத்தைக் கோரும் நிபந்தனையை 7120இலிருந்து நீக்குவது அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது.