கரிசலின் கலப்பு விதைப்பு

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் பசுவந்தனை வட்டாரக் கரிசலில் ஒரே புஞ்சையில் கம்போடு பாசிப்பயறு, பருத்தியோடு உளுந்து என்று கலந்து விதைப்பது பழைய வழக்கம். அதை விவரமறியாப் பழக்கம் என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அதில் நிகழ்தகவுக் கணக்கைத்தான் பார்க்கிறேன். ஒரு பயிர் பொய்க்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒன்றையொன்று சாராத இரு பயிர்களும் சேர்ந்து பொய்க்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்றுதான்.

இரண்டுக்கும் ஒரே மழைதானே, சாராமை எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பதினாறில் ஒன்று அப்படியே கிடைக்காது. ஆனால் உளுந்து எழுபது நாள் சொச்சத்தில் முற்றிவிடும். பருத்தியோ ஆணிவேரை ஆழ இறக்கி, கரிசல் பிடித்துவைத்த ஈரத்தில் மாசி, பங்குனியில் வெடிக்கும். கார்த்திகையோடு மழை நின்றாலும் உளுந்து தேறும். முன்மழை தவறிப் பின்மழை பெய்தால் பருத்தி கைகொடுக்கும். நல்ல வருஷத்தில் தனிப்பருத்தியே லாபம் என்பதும் மெய்யாக இருக்கலாம். அது சராசரியை மட்டும் பார்க்கும் கணக்கு. அடுத்த விதைப்புக்கு விதை மிஞ்ச வேண்டிய சம்சாரிக்கு, விளைச்சல் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்கும் என்ற சிதறலும் முக்கியம். இதே கருத்தைப் பொருளியலாளர் ஹாரி மார்கோவிட்ஸ் பங்கு முதலீட்டுக்குக் கணிதமாக எழுதியது 1952இல். மானாவாரிப் பருத்திக்கு உளுந்து ஊடுபயிர் என்பது இன்று வேளாண் துறையின் பரிந்துரையும்கூட.