லூசியஸ் லமாரின் அரசியல், நீதித்துறை வாழ்வு: மாநில அதிகாரக் கொள்கையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) தோல்வியுற்ற தென்மாநிலக் கூட்டமைப்பிற்குப் பணியாற்றிப் பின்னர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக அமர்ந்தவர்களுள் முதலாமவர் லூசியஸ் குவின்டஸ் சின்சினாட்டஸ் லமார் (1825–1893). ஜான் எஃப். கென்னடி 1956இல் வெளியிட்டுப் புலிட்சர் பரிசு பெற்ற 'புரொஃபைல்ஸ் இன் கரேஜ்' என்னும் நூல், அரசியல் துணிவுக்கு எடுத்துக்காட்டாக எட்டு செனட் உறுப்பினர்களைக் காட்டுகிறது. அவர்களுள் லமாரும் ஒருவர். பிரிவினையை முன்னின்று நடத்தியவர், போருக்குப்பின் வடக்கையும் தெற்கையும் இணைத்த சமாதானத் தூதராக மாறினார் என்பதே அந்நூல் தரும் சித்திரம். அதே நூல் மிசிசிப்பியின் குடியரசுக் கட்சி ஆளுநர் அடெல்பர்ட் ஏம்ஸைத் தாழ்த்திக் காட்டியது. இதை எதிர்த்துக் கென்னடிக்குக் கடிதம் எழுதிய ஏம்ஸின் மகள் பிளாஞ்ச், 1964இல் தம் தந்தையின் வரலாற்றைத் தாமே நூலாக்கினார். லமாரைப் 'பிரிவினைவாதி', 'சமாதானவாதி' என்று இரு கூறாகப் பிரித்துப் படிக்கும் முறை பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. குடிமகனின் உயிரையும் உரிமையையும் காக்கும் அதிகாரம் மாநிலத்திடமா, மைய அரசிடமா என்ற கேள்விக்கு அவர் தந்த விடை பெரிதும் மாறவில்லை என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

தொடக்க வாழ்வும் பிரிவினையும்

லமார் ஜார்ஜியா மாநிலத்தில் ஈட்டன்டன் ஊருக்கு அருகில் தோட்டக்காரக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை நீதிபதி. டெக்சாஸ் குடியரசின் தலைவராக இருந்த மிராபோ பொனபார்ட் லமார் இவருடைய சிற்றப்பா. பிள்ளைகளுக்கு உரோமானிய, பிரெஞ்சு வீரர்களின் பெயர்களைச் சூட்டும் வழக்கம் அக்குடும்பத்தில் எவ்வளவு ஊன்றியிருந்தது என்பதற்கு இப்பெயர்களே சான்று. எமரி கல்லூரியில் 1845இல் பட்டம் பெற்றுச் சட்டம் பயின்ற லமார், எழுத்தாளரும் கல்வியாளருமான அகஸ்டஸ் பால்ட்வின் லாங்ஸ்ட்ரீட்டின் மகளை மணந்தார். மாமனார் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத் தலைவரானதும் அவரைத் தொடர்ந்து ஆக்ஸ்ஃபோர்டு நகருக்குச் சென்று கணிதம் கற்பித்தார். வழக்குரைஞர் தொழிலும் செய்தார். அடிமைகளின் உழைப்பில் தோட்டமும் நடத்தினார்.

1857இல் பிரதிநிதிகள் அவையில் அமர்ந்தார். 1861 சனவரி 9ஆம் நாள் மிசிசிப்பி ஒன்றியத்திலிருந்து பிரிவதாக அறிவித்த சாசனத்தின் வரைவாளர் இவரே. போரில் 19ஆம் மிசிசிப்பிக் காலாட்படையின் துணைக் கர்னலாகப் பணியாற்றினார். உடல்நலம் குன்றியதால் களத்தைவிட்டு விலகினார். உருசியாவிற்குத் தூதராக அனுப்பப்பட்டார். ஆனால் அந்நாட்டை அவர் சென்றடையவே இல்லை.

இரங்கலுரையும் 1875ஆம் ஆண்டுத் தேர்தலும்

அரசமைப்பின்மீது உறுதிமொழி ஏற்றபின் கிளர்ச்சியில் ஈடுபட்டோர் பதவி வகிப்பதைப் பதினான்காம் திருத்தத்தின் மூன்றாம் பிரிவு தடுத்தது. லமாருக்கு அத்தடையைக் காங்கிரசே நீக்கியது. 1872இல் தேர்ந்தெடுக்கப்பட்டு மீண்டும் அவைக்கு வந்தார். அடிமைமுறை எதிர்ப்பில் தென்மாநிலத்தார் மிகவும் வெறுத்த மாசசூசெட்ஸ் செனட் உறுப்பினர் சார்ல்ஸ் சம்னர் 1874 மார்ச்சில் மறைந்தார். அடுத்த மாதம் லமார் அவருக்கு ஆற்றிய இரங்கலுரை நாடெங்கும் செய்தியாயிற்று. சம்னரின் நேர்மையைப் போற்றி, இரு பகுதியினரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள வேண்டும் என்று வேண்டினார். அவ்வுரையின் உருக்கம் போலியானது என்று கொள்ள இடமில்லை. ஆயினும் சம்னர் இறக்கும்வரை வற்புறுத்திய குடியுரிமை மசோதாவை லமார் ஏற்கவில்லை. மனிதரைப் போற்றி அவருடைய கொள்கையை ஒதுக்கிய உரை அது.

அடுத்த ஆண்டில் இதன் பொருள் மேலும் தெளிவாகிறது. கருப்பின மக்கள் பெரும்பான்மையினராக இருந்த மிசிசிப்பியில் 1875ஆம் ஆண்டுத் தேர்தலை வெல்ல ஜனநாயகக் கட்சியினர் மிரட்டலையும் ஆயுதத்தையும் கையாண்டனர். செப்டம்பர் தொடக்கத்தில் கிளின்டன் ஊரில் ஓர் அரசியல் கூட்டத்தில் தொடங்கிய மோதலைத் தொடர்ந்து கருப்பினத்தவர் பலர் வேட்டையாடிக் கொல்லப்பட்டனர். ஆளுநர் ஏம்ஸ் குடியரசுத் தலைவர் கிராண்டிடம் படை கேட்டார்; படை வரவில்லை. கருப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த யாசூ மாவட்டத்தில் குடியரசுக் கட்சிக்கு விழுந்த வாக்குகள் 7. புதிய சட்டமன்றம் பதவிநீக்க நடவடிக்கையைத் தொடங்க, ஏம்ஸ் 1876இல் விலகினார். ஜனநாயகக் கட்சிக்காக மாநிலமெங்கும் பேசிய முன்னணித் தலைவர் லமார். அவர் நேரடியாக வன்முறையில் ஈடுபட்டவர் அல்லர். அதன் விளைவால் செனட் இடத்தைப் பெற்றவர். 1877இல் அவர் செனட்டில் நுழைந்தபோது மிசிசிப்பியின் மற்றோர் உறுப்பினர் பிளாஞ்ச் கே. புரூஸ். அடிமையாகப் பிறந்த கருப்பினத்தவரான புரூஸின் பதவிக்காலம் 1881இல் முடிந்தபின், அடுத்த நூற்றாண்டின் இடைப்பகுதி வரை செனட்டில் வேறொரு கருப்பின உறுப்பினர் இல்லை.

கென்னடி போற்றிய துணிவு, 1878ஆம் ஆண்டு வெள்ளி நாணய மசோதாவிற்கு எதிராக, தம் மாநிலச் சட்டமன்றத்தின் கட்டளையையும் மீறி லமார் வாக்களித்ததைக் குறிப்பது. அது மறுக்கவியலாத துணிவே. ஆனால் மிசிசிப்பியின் அன்றைய தலையாய சிக்கல் நாணயம் அன்று. 1879இல் 'நார்த் அமெரிக்கன் ரிவ்யூ' இதழ் கருப்பினத்தவரின் வாக்குரிமை குறித்து ஒரு கருத்தரங்கை வெளியிட்டபோது, அவ்வுரிமையைப் பறிக்கத் தென்மாநிலம் விரும்பவில்லை என்ற நிலைப்பாட்டை லமார் எழுதினார். யாசூவின் ஏழு வாக்குகளுக்குப் பின் நான்கு ஆண்டுகள்கூடக் கழியவில்லை.

நீதிபதி லமார்

கிளீவ்லாண்டின் அமைச்சரவையில் 1885 முதல் உள்துறைச் செயலராக இருந்தார். அமெரிக்காவில் இத்துறை காவலைச் சார்ந்ததன்று. பொது நிலங்களையும் பழங்குடிகளையும் சார்ந்தது. 1887இல் நீதிபதி வுட்ஸ் மறைந்ததும் அவ்விடத்திற்கு லமாரின் பெயர் முன்மொழியப்பட்டது. கூட்டமைப்புப் பின்னணியும், 62 வயதும், வழக்காடும் பட்டறிவின் குறைவும் எதிர்ப்புக்குக் காரணங்களாயின. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு, நெவாடாவின் ஸ்டூவர்ட் உள்ளிட்ட குடியரசுக் கட்சியினர் சிலர் கட்சி வரம்பைக் கடந்ததால் 1888 சனவரி 16இல் 32க்கு 28 என்ற கணக்கில் நியமனம் உறுதிப்பட்டது.

அதே ஆண்டில் 'கிட் எதிர் பியர்சன்' வழக்கில் நீதிமன்றத்திற்காகத் தீர்ப்பெழுதினார். பிற மாநிலங்களுக்கு அனுப்புவதற்கென்றே காய்ச்சப்படும் மதுவின் உற்பத்தியையும் அயோவா மாநிலம் தடைசெய்யலாம். உற்பத்தி வேறு, வணிகம் வேறு என்பது தீர்ப்பின் சாரம். மது ஒழிப்புச் சட்டத்தைக் காப்பாற்றிய இவ்வேறுபாடு, 1895இல் சர்க்கரை ஆலைகளின் முற்றுரிமையை மைய அரசு தடுக்கவியலாதபடி செய்யப் பயன்பட்டது.

லமாரின் நீதிக்கொள்கையை மிகத் தெளிவாகக் காட்டும் ஆண்டு 1890. நீதிபதி ஸ்டீபன் ஃபீல்டின் உயிருக்கு டேவிட் டெர்ரி என்பவரால் ஆபத்து எனக் கருதி, நீகிள் என்ற மைய அரசுக் காவல் அலுவலர் பாதுகாப்புக்கு அமர்த்தப்பட்டார். 1889 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் லாத்ரப் தொடர்வண்டி நிலைய உணவகத்தில் டெர்ரி ஃபீல்டைத் தாக்க, நீகிள் சுட்டுக் கொன்றார். மாநிலம் கொலைக் குற்றம் சாட்டியது. இத்தகைய பாதுகாப்புக்குக் காங்கிரஸ் தனிச்சட்டம் எதுவும் இயற்றியிருக்கவில்லை. எனினும் அரசமைப்பிலிருந்து எழும் கடமையும் 'சட்டம்' என்ற சொல்லுள் அடங்கும் என்று கூறிப் பெரும்பான்மை அவரை விடுவித்தது. லமார் மாறுபட்ட தீர்ப்பெழுதினார்; தலைமை நீதிபதி ஃபுல்லர் உடன்பட்டார். சட்டம் என்பது காங்கிரஸ் இயற்றியது. அது இல்லாதவிடத்துக் கொலை வழக்கு மாநிலத்திற்கே உரியது. நீதி வழங்கும் தகுதியும் விருப்பமும் கலிபோர்னிய அதிகாரிகளுக்கு உண்டென நம்ப வேண்டும் என்பது அவர் வாதம்.

ஏரணமாக நோக்கின் இது வலிமையான தீர்ப்பு. ஆட்சித்துறையின் எல்லையற்ற அதிகாரத்தை அஞ்சுவோர் இன்றும் இதை ஒதுக்க மாட்டார்கள். ஆனால் மாநிலம் நீதி வழங்கும் என்ற இந்நம்பிக்கையை 1875இல் மிசிசிப்பி பொய்யாக்கியிருந்தது. அங்குச் சட்டம் இல்லை என்றும் கூறவியலாது: 1870, 1871ஆம் ஆண்டுகளின் அமலாக்கச் சட்டங்கள் காங்கிரஸ் இயற்றியவையே, அவற்றை எதிர்த்தது லமாரின் கட்சி. ஆகவே 'காங்கிரஸ் சட்டம் இயற்றட்டும்' என்ற வாதத்தை மட்டும் கொண்டு அவருடைய கொள்கையை அளவிடுதல் போதாது.

நீகிள் தீர்ப்புக்கு ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன், மிசிசிப்பியின் 1888ஆம் ஆண்டுத் தனிப்பெட்டிச் சட்டம் நீதிமன்றத்தின்முன் வந்தது. தொடர்வண்டிகளில் இரு இனத்தாருக்கும் தனித்தனி இடம் ஒதுக்குமாறு அச்சட்டம் நிறுவனங்களைப் பணித்தது. மாநிலத்திற்குள் நிகழும் பயணம் என்ற அளவில் அது செல்லும் என்று நீதிபதி புரூவர் எழுதினார். லமார் பெரும்பான்மையோடு நின்றார். பயணிகளைப் பிரிக்கக்கூடாது என்ற லூசியானா சட்டத்தை, மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தில் தலையிடுகிறது என்று 1878இல் இதே நீதிமன்றம் செல்லாதாக்கியதைச் சுட்டி நீதிபதி ஹார்லன் மாறுபட்டார், பிராட்லியும் மாறுபட்டார். வழக்கு வணிக விதியைப் பற்றியதாகவே எழுதப்பட்டது. பயணிகளின் உரிமை தீர்ப்பில் பேசப்படவில்லை.

அவ்வாண்டின் நவம்பரில் மிசிசிப்பி புதிய அரசமைப்பை ஏற்றது. தலைவரி, எழுத்தறிவு, அரசமைப்பை விளக்கும் தேர்வு ஆகியவற்றின் வழியாகக் கருப்பின வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். அதன் முதன்மைச் சிற்பிகளுள் ஒருவரான ஜே.இசட். ஜார்ஜ், 1881இல் புரூஸின் செனட் இடத்தில் அமர்ந்தவர். லமார் 1893 சனவரி 23இல் ஜார்ஜியாவில் இறந்தார். அவ்வரசமைப்பைச் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1898இல் தீர்ப்பளித்தபோது மாறுபட்டு எழுதியவர் எவருமில்லை. 1890இல் தனிப்பெட்டிச் சட்டத்தை எதிர்த்த ஹார்லனும் அப்போது அமர்விலிருந்தார்.