சிறு விமானங்களின் வழிகாட்டுக் கருவிகள்: ஹைதராபாத்

தனியார், பயிற்சி விமானங்களின் விமானி அறையில் முள்ளுடைய அளவுக்கருவிகள் இருந்த இடத்தில் இப்போது வண்ணத் திரைகள் வந்துவிட்டன. இதைக் கருவிகளின் வரலாறாகச் சொல்வதே வழக்கம். ஆனால், உள்ளே எதைப் பொருத்தினாலும் அதன் பயனை வெளியிலிருந்து வரும் சமிக்ஞையே தீர்மானித்தது என்பதற்கு ஹைதராபாத் நல்ல சான்று. 1930களில் நிஜாம் ஆட்சியில் உருவான பேகம்பேட்டைத் தளத்தின் தொடக்ககால விமானிகளுக்குத் திசைகாட்டியும் வரைபடமும் கைக்கடிகாரமுமே துணை. பின்னர் வந்த ஏடிஎஃப் என்ற திசைகாணும் கருவியின் முள் தரையிலுள்ள வானொலிக் கோபுரத்தைக் காட்டும். இடி மின்னல் வேளையில் மேகத்தையும் காட்டும், அதாவது விமானி எதைத் தவிர்க்க வேண்டுமோ அதையே. விஓஆர் என்ற தரை வானொலி வழிகாட்டி அந்தக் குறையைப் போக்கியது. ஆனால் அதன் அலை நேர்க்கோட்டில் செல்வதால் தாழப் பறக்கும் சிறு விமானத்துக்குச் சீக்கிரமே எட்டாமல் போகும். தரையிறங்க வழிகாட்டும் ஐஎல்எஸ் துல்லியமானதுதான், அது நிறுவப்பட்ட ஓடுபாதைக்கு மட்டும். இவையெல்லாம் பெரிய விமானச் சேவைகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை; சிறு விமானங்கள் அவற்றை ஒட்டிப் பிழைத்தன. 2008 மார்ச்சில் அந்தச் சேவைகள் ஷம்ஷாபாத்துக்குப் போக, பயிற்சி விமானங்களும் தனியார் விமானங்களும் பேகம்பேட்டையிலேயே தங்கின.

அதற்குள் கார்மின் நிறுவனத்தின் ஜி1000 போன்ற திரைத் தொகுதிகள் 2004 முதல் சிறு விமானங்களில் வரத் தொடங்கியிருந்தன. அமெரிக்காவில் ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும் வாஸ் சேவை 2003 முதலே இயங்கியதால், அதைப் பெறும் கருவி இருந்தால் ஐஎல்எஸ் இல்லாத சிற்றூர்த் தளத்திலும் உயர வழிகாட்டலுடன் இறங்கலாம். அதே கருவிக்கு அன்றைய இந்திய வானில் கேட்க அத்தகைய திருத்தச் சமிக்ஞை ஏதுமில்லை. இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் வாஸ் போன்ற ககன் அமைப்பை உருவாக்கியபோது அமெரிக்க முறையை அப்படியே கொண்டுவர முடியவில்லை: புவியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனை வழியே செல்வதால், வளிமண்டலத்தின் மேலுள்ள மின்னேற்றப் பகுதியான அயனமண்டலம் நம் வானில் மாலைக்குப் பின் கொந்தளிக்கிறது, அங்கே சமிக்ஞை தாமதமாகிறது. அதை ஒரே மெல்லிய அடுக்காகக் கொள்ளாமல் பல அடுக்குகளாகக் கணிக்கும் முறை தேவைப்பட்டது. ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் வழிகாட்டு மின்னணுவியல் ஆய்வு மையம் பங்காற்றியது இந்த அயனமண்டல ஆய்வில்தான். நகரத்தின் உண்மையான பங்களிப்பு விமானக் கூடங்களைவிட அங்கேயே அதிகம். விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 2013 டிசம்பரில் பாதை வழிகாட்டலுக்கும், 2015 ஏப்ரலில் உயர வழிகாட்டலுடன் இறங்குவதற்கும் ககனுக்குச் சான்றளித்தது. இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ககன் துணையுடன் கிஷன்கரில் இறங்கியது 2022 ஏப்ரலில்.

பகலில், கண்பார்வையில் பறப்பவருக்கு ஒரு டேப்லெட் போதாதா என்ற கேள்வி நியாயமானதே. தெளிந்த வானில் போதும். ஆனால் டேப்லெட் தன் பிழையைத் தானே சொல்லாது. ககன் வகை அமைப்பு, நம்பத்தகாத நிலை வந்தால் சில நொடிகளில் எச்சரிக்கும். துல்லியத்தைவிட இதுவே பெரிய வேறுபாடு. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: செயற்கைக்கோள் சமிக்ஞையையே போலி செய்ய முடிகிறது. அத்தகைய குறுக்கீடு பதிவான விமான நிலையங்களுள் ஹைதராபாத்தையும் மத்திய அரசு 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் குறிப்பிட்டது. போலிச் சமிக்ஞையை விலையுயர்ந்த திரையும் உண்மையென்றே காட்டக்கூடும் என்பதால், கருவியின் பயனை வெளிச் சமிக்ஞையே தீர்மானிக்கிறது என்ற தொடக்க வாதத்தை இது மறுக்கவில்லை, வலுப்படுத்துகிறது. குறைந்த அளவிலேனும் தரை வழிகாட்டு நிலையங்களைப் பேணுவதற்கும், கருவிப்பலகையைப் புதுப்பிப்பவர் பழைய விஓஆர் ஏற்பியைக் கழற்றாமல் விடுவதற்கும் காரணம் இந்தப் போலிச் சமிக்ஞை அபாயமே.