செவியும் கருவியும்

மோட்டார் வண்டியின் இரைச்சலுக்காகக் காவலர் அபராதச் சீட்டு எழுதுகிறார். "அவ்வளவு இரைச்சல் இல்லை" என்கிறார் வண்டிக்காரர். நீதிபதி எவர் செவியை நம்புவது? இவ்வினாவின் வரலாற்றைக் கூற விழைகின்றேன்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டம், மிகையான இரைச்சல் கூடாது என்கிறது. மிகை என்பது எவ்வளவு? காவலரின் செவியே அளவுகோலாயின், வழக்காடுவது வீண். ஒலியளவைக்கு 1928இல் 'டெசிபல்' என்னும் பெயர் அமைந்தது. பின்னர்ச் சட்டமும் அவ்வளவையைக் கைக்கொண்டது. சைலன்சரை மாற்றிப் பொருத்திய சிறிய கார்களுக்கு 95 டெசிபல் வரம்பாயிற்று. சீட்டுப் பெற்றவர் அரசு ஏற்பாட்டிலுள்ள சோதனை நிலையத்தில் வண்டியை அளக்கச் செய்யலாம். வரம்புக்கு உட்பட்டதெனச் சான்று கிடைப்பின் வழக்குத் தள்ளுபடியாகும்.

குறையைத் திருத்திக் காட்டினால் அபராதத்தினின்று விடுபடலாம் என்றொரு சலுகையும் இருந்தது. 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதனை நீக்கியது. சலுகை சுருங்கவே, சான்றின் மதிப்பு உயர்ந்தது.

அயலார் உறக்கமும் காக்கப்பட வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் உரிமையும் காக்கப்பட வேண்டும். செவி ஆளுக்கு ஆள் மாறும், அளவை மாறாது. அதனாலேயே அளவையை நீதியின் துணை என்று நான் கருதுகின்றேன்.