ஒரே கிருமி, இரண்டு நகரங்கள்

எபினே-சூர்-செய்னிலிருந்து லாச்சப்பலுக்குச் சாமான் வாங்க வருகிற எங்கள் சனங்கள், நீரிழிவைப் பற்றியும் பிரஷரைப் பற்றியும் கடைவாசலில் நின்று கதைப்பார்கள். எயிட்ஸ் என்ற பெயரை எவரும் எடுப்பதில்லை. அது நடத்தை கெட்டவர்களுக்கு வருகிற வருத்தம் என்று எப்போதோ தீர்ப்பெழுதியாகிவிட்டது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று பார்ப்பதற்கு இரண்டு நகரங்களின் பழைய கதைக்குப் போகவேண்டும்.

முதலாவது பாரிஸ். 1983 ஜனவரியில் வைத்தியர் வில்லி ரொசென்போமின் நோயாளி ஒருவருடைய கழுத்திலிருந்து வெட்டியெடுத்த நிணநீர்க் கணுவில்தான், பஸ்தர் நிறுவனத்தின் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லுக் மொன்ரனியேயும் இந்தக் கிருமியைக் கண்டார்கள். அக்காலத்தில் அமெரிக்காவிலும் பிரான்சிலும் நோயாளர்களைப் பிடித்தவை ஒருவகை அபூர்வ நிமோனியாவும், தோலில் ஊதாநிறமாய்ப் படரும் கபோசிப் புற்றும். இளவயதினரில் வைத்தியர்கள் அரிதாகவே கண்டிருந்த வருத்தங்கள். ஆகவே புதிதாக ஏதோ நடக்கிறது என்று தெரிந்துவிட்டது.

இரண்டாவது சென்னை. எங்களில் பலர் இங்கு வருமுன் தங்கிநின்ற ஊர். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் மாணவியான நிர்மலா, காவல் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளப் பெண்களிடம் இரத்தம் எடுத்தார். எதைத் தேடுகிறார் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. பரிசோதிக்கச் சென்னையில் வசதியில்லை. 1986இல் இரவு ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோனார். அங்கே ஆறு மாதிரிகளில் கிருமி தெரிந்தது. பழி முழுவதும் அந்தப் பெண்களின் தலையில் விழுந்தது.

ஆனால் அதன்பின் சென்னையின் பொது ஆஸ்பத்திரிகளுக்கும் தாம்பரம் சனட்டோரியத்துக்கும் வந்தவர்களிடம் காணப்பட்டது இருமல், காய்ச்சல், மெலிவு: சயரோகம். எங்கள் நாடுகளில் எத்தனையோ பேரின் நெஞ்சில் சயரோகக் கிருமி சிறுவயதிலேயே புகுந்து உறங்கிக்கிடக்கிறது. எச்.ஐ.வி. உடலின் காவலைக் குறைக்கத் தொடங்கியதும், மற்றவற்றுக்கு முந்தி எழும்புவது அதுதான். பழைய வருத்தத்தின் முகத்தோடு வந்ததால் புதியது பலரில் பிந்தியே பிடிபட்டது.

இன்னொன்றும் தெரியவந்தது. 2000இல் வெளியான ஆய்வொன்றில், சென்னையில் இக்கிருமியுள்ள 134 பெண்களில் நூற்றுக்கு 81 பேர் வீட்டுப்பெண்கள். 88 பேர் ஒரே ஆணோடு வாழ்ந்தவர்கள். தாலி அவர்களைக் காக்கவில்லை. நடத்தை பற்றிய தீர்ப்பு இங்கே பொய்த்துப்போகிறது.

1996இல் கூட்டுமருந்து வந்தது. பிரான்சில் 1998ஆம் ஆண்டுச் சட்டம், சொந்த நாட்டில் சிகிச்சை பெறமுடியாத கடும் நோயாளருக்கு வதிவிட அனுமதி பெற வழிவைத்தது. தாம்பரத்தில் 2004இல் இலவச மருந்து தொடங்கியது. இன்று ஒழுங்காக மருந்தெடுத்து, இரத்தத்தில் கிருமி தென்படாத நிலையிலிருப்பவர் உடலுறவில் அதை இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை.

மருந்து இருக்கிறது. பிந்திப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பிரெஞ்சு தெரியாதவர் மகனையோ மருமகனையோ மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் போகிறார். அந்தப் பிள்ளைக்கு முன்னால் எதைச் சொல்வார்? 2022 ஜனவரியிலிருந்து பிரான்சின் இரத்தப் பரிசோதனை நிலையங்களில் வைத்தியரின் துண்டு இல்லாமலே, காசில்லாமல் இதைச் சோதித்துக்கொள்ளலாம். யாரையும் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை. இதையாவது கடைவாசலில் நின்று கதைப்போம்.